கற்பிட்டிக்காரரின் இரண்டு நூல்களும் கடைசியாக வந்த ஓட்டக்காரரும்

புத்தளம் மாவட்டத்தின் கரையோர ஊரான கற்பிட்டியில் 1807ஆம் ஆண்டு பிறந்தவர் சைமன் காசிச்செட்டி. புத்தளத்தில் மணியகாரராக இருந்தார். 1838இல் சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாக அமர்ந்தார். கடைசிக் காலத்தில் சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாகப் பணியாற்றி 1860இல் காலமானார். வகித்த பதவிகளையெல்லாம் காலம் மறந்துவிட்டது. அவர் பெயர் இன்று நிற்பது ஆங்கிலத்தில் எழுதிய இரண்டு நூல்களால். 1834இல், இருபத்தேழு வயதில், கோட்டேயிலிருந்த மிஷன் அச்சகத்தில் அச்சிட்டு வெளியிட்டது 'சிலோன் கசற்றியர்'. இறப்பதற்கு ஓராண்டுக்கு முன், 1859இல், யாழ்ப்பாணத்தில் ரிப்ளி அன்ட் ஸ்ட்ரோங் அச்சகத்தில் அச்சானது 'தமிழ் புளூட்டாக்'.

இரண்டுமே எழுத்து வரிசையில் தேடிப் பார்க்கும் நோக்கு நூல்கள். ஆனால் ஒன்றுக்குள் நுழையும் வழி வேறு, மற்றதற்குள் நுழையும் வழி வேறு. கசற்றியர் ஊர்களின் அகராதி. மாவட்டம், பட்டணம், துறைமுகம், ஆறு, ஏரி என்று இலங்கையில் இருப்பவற்றை அது பதிவுசெய்கிறது. முக்கியமான கிராமங்கள் என்றொரு வடிகட்டி அதன் தலைப்பிலேயே உண்டு. இருந்தாலும் ஓர் ஊர் அதில் இடம்பெற எதையும் சாதித்துக் காட்டவேண்டியதில்லை. நிலத்தில் இருந்தால் போதும். புளூட்டாக் மனிதர்களின் அகராதி. தென்னிந்தியாவையும் இலங்கையையும் சேர்ந்த ஏறக்குறைய இருநூறு புலவர்களைப் பற்றிய குறிப்புகள் அதில் உள்ளன. பாடியதால்தான் அவர்கள் உள்ளே வந்தார்கள். பிறந்ததால் மட்டும் ஒருவரும் வந்துவிடவில்லை.

ஒலிம்பிக்கில் ஓடி, நீந்தி, குத்துச்சண்டை போட்டு, பதக்கத்தின் பக்கமே போகாமல் திரும்பிய ஒருவருக்குக் கலைக்களஞ்சியத்தில் தனிப் பதிவு வேண்டுமா என்ற கேள்வி இந்த இரண்டு நூல்களுக்கும் நடுவில்தான் கிடக்கிறது. அவரை ஊரைப்போல் பார்ப்பதா, புலவரைப்போல் பார்ப்பதா? முடிவுப் பட்டியலில் பெயர் இருக்கிறது என்பதே போதும் என்றால் அது கசற்றியரின் வழி. அவரைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்டால் அது புளூட்டாக்கின் வழி.

ஆங்கில விக்கிப்பீடியா நெடுங்காலம் முதல் வழியில்தான் போனது. ஒலிம்பிக்கில் பங்கேற்றவர் எவரானாலும் தனிக் கட்டுரைக்குத் தகுதியானவர் என்பதே அங்கே பொது எடுகோள். சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட குடியிருப்பு எதுவானாலும் கட்டுரை எழுதலாம் என்று ஊர்களுக்கு இருக்கும் எடுகோளின் தம்பி அது. 2021இல் அதை மாற்றினார்கள். பதக்கம் வென்றவருக்கு மட்டும் எடுகோள் நீடிக்கும். மற்றவர்கள், தங்களைப் பற்றி விரிவாக எழுதிய நம்பகமான வெளியீடுகள் உண்டு என்று காட்டவேண்டும். அடுத்த ஆண்டில் விளையாட்டு வீரர் பற்றிய எந்தக் கட்டுரையும் அப்படி ஒரு மூலத்தையாவது காட்டவேண்டும், வெறும் புள்ளிவிவரத் தளம் போதாது என்று பிடியை இறுக்கினார்கள். 2023இல் ஒரே தொகுப்பாளர் எழுதிக் குவித்திருந்த ஒலிம்பிக் வீரர் குறுங்கட்டுரைகளில் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டவை ஒரே தீர்மானத்தில் வரைவுப் பக்கங்களுக்குத் தள்ளப்பட்டன.

தள்ளியவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அந்தக் குறுங்கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே அச்சு. இன்னார் இன்ன நாட்டு வீரர், இன்ன ஆண்டு இன்ன போட்டியில் கலந்துகொண்டார், முதற்சுற்றோடு வெளியேறினார். அட்டவணையின் ஒரு வரியை வாக்கியமாக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த அட்டவணை வேறிடத்தில் ஏற்கெனவே நன்றாக இருக்கிறது. ஒலிம்பிக் வரலாற்று ஆய்வாளர்கள் பல ஆண்டு உழைத்துத் தொகுத்த 'ஒலிம்பீடியா' தளத்தில் பங்கேற்ற ஒவ்வொருவருக்கும் பக்கம் உண்டு. ஒலிம்பிக்கின் கசற்றியர் அதுதான். அதையே இன்னொரு முறை, குறைந்த தரத்தில் எழுதுவதால் வாசகருக்கு என்ன கிடைக்கும்?

இன்னொரு காரணமும் உண்டு. வாதிடுபவர்கள் இதை அதிகம் பேசுவதில்லை, ஆனால் எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. பதினெட்டு வயதில் ஒரு நீச்சல்காரர் நாட்டுக்காகத் தண்ணீரில் குதித்து, ஒரு நிமிடத்துக்குள் கடைசியாக வந்து, பிறகு படித்து, வேலை பார்த்து, குடும்பம் நடத்தி அறுபது ஆண்டு வாழ்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பெயரைத் தேடுபவர் முன் முதலில் வந்து நிற்பது அந்த ஒரு நிமிடத் தோல்வி மட்டுமே என்றால் அதை வாழ்க்கைக் குறிப்பு என்று சொல்லலாமா? கௌரவம் என்று நினைத்துச் செய்தது அவருக்கு மாறாத வடுவாகிவிடவும் கூடும்.

ஆனாலும் பதக்கத்தை அளவுகோலாக வைத்தால் இலங்கைக்கு என்ன மிஞ்சும் என்று பாருங்கள். இந்தத் தீவு ஒலிம்பிக்குக்கு முதன்முதலில் அணி அனுப்பியது 1948இல், லண்டனுக்கு. ஏழு பேர் போனார்கள். அவர்களில் டங்கன் வைட் 400 மீற்றர் தடைதாண்டலில் வெள்ளி வென்றார். அடுத்த பதக்கத்துக்கு 2000ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது. சிட்னியில் 200 மீற்றரில் சுசந்திகா ஜயசிங்க மூன்றாவதாக வந்தார். இத்தனை காலத்தில் பதக்கம் இந்த இருவருக்குத்தான். 2024இல் பாரிஸுக்குப் போன ஆறு பேரும் வெறுங்கையோடு திரும்பினார்கள். ஒரு நாட்டின் முக்கால் நூற்றாண்டு ஒலிம்பிக் வரலாறு இரண்டு ஆட்களுக்குள் அடங்கிவிடுகிறது என்றால் அளவுகோலைத்தான் ஒருமுறை திருப்பிப் பார்க்கவேண்டும்.

அந்த அளவுகோலும் நேராக நிற்பதில்லை. சுசந்திகாவுக்கு அன்று கிடைத்தது வெண்கலம். முதலாவதாக வந்த மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து எடுத்ததை 2007இல் ஒப்புக்கொண்டு பதக்கங்களை இழந்தார். 2009இல்தான் சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியானது. ஓடிய ஓட்டம் அதேதான், எடுத்த நேரமும் அதேதான், இடம் மட்டும் ஒன்பது ஆண்டு கழித்து மாறியது. நான்காவதாக வந்தவருக்கு அப்படித்தான் வீட்டிலிருந்தபடியே பதக்கம் கிடைத்தது. பதக்க விதியை எழுத்துக்கு எழுத்து பிடித்தால், ஊக்கமருந்து விவகாரம் முடியும்வரை அவர் தகுதியற்றவர், முடிந்த மறுநாள் தகுதியானவர்.

இதைவிட விசித்திரமான உதாரணம் 1900ஆம் ஆண்டு பாரிஸ் போட்டியில் இருக்கிறது. ஒல்லாந்துத் துடுப்புப் படகுக்காரர் இருவர், சுக்கான் பிடிக்கத் தங்கள் ஆள் கனமாக இருக்கிறார் என்று கருதி, உள்ளூர்ச் சிறுவன் ஒருவனைப் படகில் ஏற்றிக்கொண்டு போய் முதலிடம் பெற்றார்கள். வென்றபின் ஒரு புகைப்படம் எடுத்தார்கள். சிறுவன் அதோடு மறைந்துபோனான். அவன் யார் என்பது இன்றுவரை உறுதியாகத் தீரவில்லை. ஒலிம்பிக்கில் முதலிடம் பெற்றவன், பெயர் இல்லை, வயது இல்லை, ஊர் இல்லை. பதக்க விதியின்படி அவனுக்குத் தனிப் பதிவு உண்டு. எழுத என்ன இருக்கிறது?

எதிர்முனையில் நிற்பவர் நம் நாட்டுக்காரர்.

1964 ஒக்டோபர் 14, டோக்கியோ. 10,000 மீற்றர் ஓட்டம், இருபத்தைந்து சுற்று. யாரும் எதிர்பாராத அமெரிக்கர் பில்லி மில்ஸ் 28 நிமிடம் 24.4 செக்கனில் வென்றார். ஒலிம்பிக் வரலாற்றின் பெரிய அதிர்ச்சிகளில் ஒன்றாக அது இன்றும் பேசப்படுகிறது. ஓட்டம் முடிந்தது என்று அரங்கு நினைத்துக்கொண்டிருந்தபோது 67ஆம் எண் அணிந்த ஒருவர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தார். அவர் இலங்கை இராணுவத்தைச் சேர்ந்த ரணதுங்க கொரலகே ஜயசேகர கருணானந்த. மில்ஸ் எல்லைக்கோட்டைத் தாண்டியபோது அவருக்கு ஏறக்குறைய நான்கு சுற்றுகள் பாக்கி. மற்றவர்கள் எல்லாரும் முடித்துவிட்டார்கள், அல்லது விலகிவிட்டார்கள். அவர் தனியே ஓடினார். முதலில் கூட்டத்திலிருந்து கேலிக் குரல்கள் எழுந்தன. அடுத்த சுற்றில் கேலி அடங்கியது. கடைசிச் சுற்றில் அவர் வேகத்தைக் கூட்டியபோது அரங்கு முழுவதும் கைதட்டியது. 34 நிமிடம் 21.2 செக்கன், ஓடி முடித்த 29 பேரில் 29ஆவது.

ஜப்பானியர் அதை மறக்கவில்லை. பின்னர் அந்தக் கதை அங்கே தொடக்கப் பள்ளி மொழிப் பாடநூலில் பாடமாக ஏறியது. அவருடைய எண்ணே பாடத்தின் தலைப்பு. ஒரு தலைமுறை ஜப்பானியக் குழந்தைகள் இலங்கை என்ற நாட்டை முதன்முதலில் அறிந்தது அந்த எண்ணால்தான் என்றால் மிகையில்லை. கருணானந்த 1974இல் நீரில் மூழ்கி இறந்தார். அந்த ஓட்டத்தை வென்ற மில்ஸின் நேரம் நினைவிருக்கும் ஜப்பானியர் எத்தனை பேர் இருப்பார்கள்? 67ஐ மறக்காதவர்கள் இருக்கிறார்கள்.

காசிச்செட்டி தன் நூலுக்குப் பெயர் எடுத்த பழைய கிரேக்க புளூட்டாக், அலெக்சாந்தரின் வாழ்க்கையை எழுதத் தொடங்கும்போது தன் முறையைச் சொல்லிவிடுகிறார். பெரும் போர்களைவிட ஒரு சின்னச் செயலோ ஒரு கேலிப் பேச்சோ மனிதனின் குணத்தைக் காட்டிவிடும் என்பது அவர் கருத்து. வரலாறு எழுதுபவருக்குப் போர்கள், வாழ்க்கை எழுதுபவருக்கு அந்தச் சின்னச் செயல். அந்தக் கண்ணோடு பார்த்தால், டோக்கியோவில் எழுதத்தக்கது மில்ஸின் வெற்றி மட்டுமில்லை. தனியே ஓடிய அந்தக் கடைசிச் சுற்றுகளும்தான்.

ஆகவே 29ஆவது இடம் கருணானந்தவின் பதிவுக்குத் தடை ஆகாது. அவர் 15ஆவதாக வந்திருந்தால் இன்று யாருக்கும் தெரிந்திருக்காது. கடைசி இடம் சில நேரம் நடு இடத்தைவிட எழுதத்தக்கதாக இருப்பதை வேறு நாடுகளிலும் பார்க்கிறோம். 1968 மெக்சிகோவில் காயம்பட்ட காலோடு, வென்றவருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பின்னால் மரதன் ஓடி முடித்த தான்சானியாவின் ஜோன் ஸ்டீபன் அக்வாரி. 2000 சிட்னியில் 100 மீற்றரைத் தட்டுத்தடுமாறி 1 நிமிடம் 52.72 செக்கனில் தனியே நீந்தி முடித்த எக்குவடோரியல் கினியின் எரிக் முசம்பானி. கவனியுங்கள்: இவர்களை நினைவில் நிறுத்தியது நேரமோ இடமோ அன்று. பார்த்தவர்கள் எழுதினார்கள், எழுதியதைப் பிறர் படித்தார்கள்.

இன்னொரு வகையினர் உண்டு. அவர்களுடைய ஒலிம்பிக் ஓட்டம் வாழ்க்கையின் ஓர் அடிக்குறிப்பு மட்டும். 1948 இலங்கை அணியில் 100 மீற்றர் ஓடிய ஜோன் டி சேரம் பின்னாளில் சர்வதேசச் சட்ட அறிஞராகி, ஐக்கிய நாடுகள் சபையில் இலங்கையின் நிரந்தரப் பிரதிநிதியாக இருந்தார். 1912 ஸ்டொக்ஹோம் மரதனில் வெப்பம் தாங்காமல் பாதியில் நின்று, யாருக்கும் சொல்லாமல் போய்விட்ட ஷிசோ கனகுரி, ஜப்பானில் நெடுந்தூர ஓட்டத்தையே வளர்த்தெடுத்தவர். 1967இல் சுவீடன்காரர்கள் அவரை அழைத்து, விட்ட ஓட்டத்தை முடிக்கச் சொன்னார்கள். 54 ஆண்டு, 8 மாதம், 6 நாள், அதற்கு மேல் சில மணிநேரம் என்று சிரித்துக்கொண்டே பதிவுசெய்தார்கள்.

நமக்கு மிக அருகில் இருப்பவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்தபோது வயது பதினேழு. 1956 மெல்போர்னிலும் பாய்ந்தார். இரண்டிலும் பதக்கம் இல்லை. ஆனால் 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் பாய்தலில் தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. பிறகு அமெரிக்காவில் படித்துப் பட்டம் பெற்று, ஆபிரிக்க நாடுகளிலும் பப்புவா நியூகினியிலும் கற்பித்து, வட இலங்கையின் கல்விக்கும் விளையாட்டுக்கும் உழைத்து 2024இல் மறைந்தார். இவருக்குப் பதிவு வேண்டுமா என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேள்வி வேறு: பதிவுக்குத் தேவையான மூலங்கள் எங்கே இருக்கின்றன?

இந்த இடத்தில்தான் புதிய விதி நம் பக்கத்து ஆட்களைக் கடிக்கிறது. 'விரிவாக எழுதிய வெளியீடுகளைக் காட்டு' என்பது நியாயமான கோரிக்கை. ஆனால் நியூயோர்க்கிலோ லண்டனிலோ 1950களில் ஒரு வீரரைப் பற்றி வந்த பத்திரிகைச் செய்தியை இன்று கணினியில் இரண்டு சொல் தட்டி எடுத்துவிடலாம். நம் தமிழ் நாளிதழ்களில் வீரகேசரி 1930இல் தொடங்கியது, தினகரன் 1932இல். அவற்றின் பழைய இதழ்களில் ஒரு பெயரைத் தேடவேண்டுமென்றால் சுவடிக்கூடத்துக்குப் போய்த் தாள் தாளாகப் புரட்டவேண்டும். 2005இல் தொடங்கிய 'நூலகம்' மின்னூலகம் ஈழத்துப் பத்திரிகைகளையும் மலர்களையும் படமெடுத்து ஏற்றி வந்திராவிட்டால் நிலை இன்னும் மோசம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிந்தது. எழுதப்பட்டது எரிந்துபோன இடத்தில், எழுதப்படவே இல்லை என்று தீர்ப்புச் சொல்வது அபத்தம்.

புத்தளக் கரையில் சிக்கல் இன்னொரு உருவில் வருகிறது. இந்தக் கரையில் மொழி ஒன்றாக இல்லை. புத்தளம், கற்பிட்டி முஸ்லிம்களுக்குத் தமிழ். உடப்பு தமிழ் இந்துக்களின் ஊர். சிலாபத்திலிருந்து தெற்கே மாரவில, வென்னப்புவ வரையிலான கத்தோலிக்கக் குடும்பங்களில் பல, இரண்டு மூன்று தலைமுறைக்குள் தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாறியவை. ஒரே மெய்வல்லுநரைப் பற்றிய செய்தி சிங்களப் பத்திரிகையில் ஒரு வடிவிலும், ஆங்கிலப் பத்திரிகையில் இன்னொரு வடிவிலும், தமிழில் மூன்றாவது வடிவிலும் வந்திருக்கும். பெயர்களும் உதவாது. வர்ணகுலசூரிய, குருகுலசூரிய என்று முன்னால் நீண்டு, பெர்னாண்டோ, பெரேரா, பீரிஸ் என்று முடியும் பெயர்களைப் போட்டி முடிவுத்தாள் ஒரு முதலெழுத்தாகவும் கடைசிச் சொல்லாகவும் வெட்டிவிடுகிறது. 1948 அணியிலேயே ஒரு பீரிஸும் ஒரு பெரேராவும் இருந்தார்கள். அட்டவணையில் ஒரு பெர்னாண்டோவைக் கண்டு, அவர் எந்த ஊர் எந்த வீட்டுப் பெர்னாண்டோ என்று கண்டுபிடிக்க, அந்தக் கரையில் நடந்து விசாரிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். மூன்று மொழியும் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலோர் வந்து தங்கியது இந்த மாவட்டத்தில்தான். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் சில மணிநேரம். கையோடு எடுத்துவர விட்டது மிகக் கொஞ்சம். பாடசாலைச் சான்றிதழ், விளையாட்டுப் போட்டிப் புகைப்படம், வெட்டி ஒட்டிவைத்த பத்திரிகைத் துண்டு ஆகியவற்றையெல்லாம் அந்த வேளையில் யார் நினைத்திருப்பார்கள்? ஒரு வாழ்க்கைக் குறிப்பின் மூலங்கள் எப்போதும் நூலகத்தில் மட்டும் இருப்பதில்லை. அலமாரியின் மேல்தட்டிலும் இருக்கும். அலமாரியோடு போய்விடவும் செய்யும்.

சற்று விலகி ஒன்று சொல்லவேண்டும். ஒலிம்பிக் வீரர்களைப் பற்றி இவ்வளவு சண்டை நடப்பதற்கே காரணம், அவர்கள் அளக்கப்பட்டவர்கள் என்பது. ஒருவர் 100 மீற்றரைப் பதினொரு செக்கனில் ஓடினால் அந்த எண் உலகம் உள்ளவரை இருக்கும். உடப்பில் கரைவலை இழுக்கும்போது அம்பாப் பாடல் எடுத்துக் கொடுக்கும் ஒருவர் நாற்பது ஆண்டு பாடினாலும் அவருக்கு ஓர் எண் கிடையாது, ஒரு வரிசை கிடையாது. அவருக்குப் பதிவு வேண்டுமா என்று வாதிடக்கூட யாருக்கும் தோன்றாது. அட்டவணை இருக்கும் துறைகளுக்குக் கட்டுரைகள் பெருகும், அட்டவணை இல்லாத துறைகள் வெறுமையாகக் கிடக்கும். கடைசியாக வந்த ஓட்டக்காரருக்கு இடம் கொடுப்பது தாராள மனம் போலத் தோன்றினாலும், உண்மையில் அது அளக்கப்பட்டவர்களுக்குக் காட்டும் தாராளம்தான்.

குறுகிய பதிவுகளே கூடாது என்பாரோடும் எனக்கு உடன்பாடில்லை. அதற்கும் சாட்சி கற்பிட்டிக்காரர்தான். தமிழ் புளூட்டாக்கில் பல பதிவுகள் சில வரிகளுக்கு மேல் போவதில்லை. காலம் தெரியாது, ஊர் தெரியாது, ஒரு நூற்பெயரும் ஓரிரு பாடலும் மட்டும். மரபுக்கதையையும் வரலாற்றையும் அவர் சில இடங்களில் பிரிக்கவுமில்லை. காலக்கணக்குகள் பல பின்னர் மறுக்கப்பட்டன. இன்றைய விதிகளின் கீழ் அந்நூலின் பாதிப் பதிவுகள் வரைவுப் பக்கத்துக்குப் போயிருக்கும். ஆனால் அந்த நூல் எடுத்துக் கொடுத்ததால்தான் மற்றவர்கள் தொடர்ந்தார்கள். 1886இல் சதாசிவம்பிள்ளை 'பாவலர் சரித்திர தீபகம்' என்ற நூலைத் தமிழிலேயே வெளியிட்டபோது புலவர் எண்ணிக்கை நானூறைத் தாண்டியது. 1902இல் முத்துத்தம்பிப்பிள்ளையின் 'அபிதான கோசம்' யாழ்ப்பாணத்தில் வந்தது. 1910இல் சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி' வந்தது. 1946இல் தமிழ் புளூட்டாக் மறுபதிப்பானபோது தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் குறிப்புகள் எழுதிச் சேர்த்தார். அரைகுறை வரி ஒன்று இருந்ததால்தான் அடுத்தவர் திருத்த முடிந்தது.

அப்படியானால் அந்தத் தொள்ளாயிரம் குறுங்கட்டுரைகளையும் ஏன் விட்டுவைத்திருக்கக்கூடாது? காரணம் இருக்கிறது. காசிச்செட்டி இரண்டு வரி எழுதினாலும் அந்த இரண்டு வரியை ஏட்டிலிருந்தும் வாய்மொழியிலிருந்தும் தேடி எடுத்திருந்தார். வேறெங்கும் ஒரே இடத்தில் கிடைக்காத இரண்டு வரி அவை. ஏற்கெனவே இருக்கும் அட்டவணையை எந்திரம்போல வாக்கியமாக்குவதில் தேடுதலே இல்லை. நீளம் குறைவு என்பது குற்றமில்லை. புதிதாக ஒன்றும் கொண்டுவராததுதான் குற்றம். ஒலிம்பிக்கில் முதற்சுற்றோடு திரும்பியவரைப் பற்றி மூன்று வரிதான் எழுத முடியும் என்றாலும், அவற்றில் ஒரு வரி ஒலிம்பீடியாவில் இல்லாததாக இருக்கவேண்டும். எந்த மைதானத்தில் பழகினார், யார் பழக்கினார், போய்வரப் பணம் எங்கிருந்து வந்தது, திரும்பி வந்து என்ன செய்தார். அந்த ஒரு வரி கிடைக்கும்வரை அவர் அணிக் கட்டுரையில் இருக்கட்டும். '1948 ஒலிம்பிக்கில் இலங்கை' என்று ஒரு நல்ல கட்டுரை எழுதினால் ஏழு பேரும் அதில் கௌரவமாக இடம்பெறுவார்கள். வைட்டுக்கும் டி சேரத்துக்கும் தனிப் பக்கம் திறக்கும். மற்றவர்களுக்கு வாசல் மூடப்படவும் இல்லை.

தமிழ் விக்கிப்பீடியாவுக்கு இதில் தனியாக ஒரு வாய்ப்பு இருக்கிறது. 2003இல் தொடங்கிய அதை வளர்த்தெடுத்ததில் இலங்கையருக்குப் பெரும் பங்கு உண்டு. முன்னின்ற மயூரநாதன் யாழ்ப்பாணத்துக்காரர். ஆங்கிலத்தின் குறிப்பிடத்தக்கமை விதியை அப்படியே இறக்குமதி செய்துகொள்ளும் கட்டாயம் தமிழுக்கு இல்லை. ஆங்கிலத்தின் சிக்கல் வெள்ளம், நம் சிக்கல் வறட்சி. இலங்கைத் தமிழ் பேசும் வீரர் ஒருவரைப் பற்றிப் பாடசாலை ஆண்டுமலரில் வந்த ஒரு பக்கக் கட்டுரை, கோயில் அல்லது பள்ளிவாசல் நூற்றாண்டு மலரில் வந்த குறிப்பு, உள்ளூர் விளையாட்டுக் கழக வெளியீடு ஆகியவற்றை மூலமாக ஏற்பதா என்ற கேள்வியைத் தமிழ்த் தொகுப்பாளர்கள் தாங்களே தீர்த்துக்கொள்ளலாம். ஏற்கலாம் என்பது என் கட்சி. எழுதியவர் பெயரும் ஆண்டும் இருந்து, புகழுரையைக் கழித்துவிட்டுப் படிக்கத் தெரிந்தால்.

கற்பிட்டிக்கு ஒலிம்பிக் இனிமேல் எட்டாத தூரமாகவும் இல்லை. கண்டக்குளிப் பக்கத்துக் களப்புகளில் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பட்டம் பிடித்து அலைப்பலகையில் பாயும் வெளிநாட்டவர் கூட்டம் ஆண்டுதோறும் வருகிறது. அவர்களுக்குக் கற்பிக்கும் உள்ளூர் இளைஞர்களும் உருவாகியிருக்கிறார்கள். பட்டப் பாய்மரப் போட்டி 2024இல் மார்செய் கடலில் முதன்முறையாக ஒலிம்பிக்கில் நடந்தது. ஆணில் இருபது பேர், பெண்ணில் இருபது பேர். மீனவர் வீட்டுப் பிள்ளை ஒருவர் என்றாவது அந்த இருபதுக்குள் போய் இருபதாவதாக வந்தால், அன்று மாலையே ஒலிம்பீடியாவில் அவருக்கு ஒரு வரி ஏறிவிடும். எழுதவேண்டியது அதன்பிறகுதான் தொடங்கும். பட்டமும் பலகையும் அவருக்கு எப்படிக் கிடைத்தன, விலை என்ன, பயணிகளுக்குக் கற்றுக்கொடுத்துச் சம்பாதித்ததில் வாங்கினாரா, காற்று இல்லாத மாதங்களில் வலைக்குப் போனாரா, வீட்டில் என்ன சொன்னார்கள். இவற்றை அவரிடமே கேட்டு, தமிழில் எழுதி, ஒரு பத்திரிகையில் பெயரோடும் நாளோடும் அச்சேற்றி, அதன் படியை நூலகத்துக்குக் கொடுக்கக் கற்பிட்டியிலோ புத்தளத்திலோ ஓர் ஆள் இருந்தால் போதும். கலைக்களஞ்சியக்காரர்கள் விதியைப் பார்த்துக்கொண்டு பிறகு வரட்டும்.